இடது பெடல்

சைக்கிள் விடத் தெரிந்த யாருக்கும், சைக்கிளை எப்படி விடுகிறோம் என்று தெரியாது. இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வில்பர் ரைட் முந்திக்கொண்டுவிட்டார். விமானம் விடுவதற்கு முன்னால் அண்ணனும் தம்பியுமாக அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் ரைட் சகோதரர்கள். 1892-ல் தொடங்கிய கடை. சைக்கிள் ஓட்டுகிற பலரையும் பிடித்து, “இடப்பக்கம் திரும்ப நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று வில்பர் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவர்கூட முதல் தடவையில் முழுசாகச் சொல்லவில்லையாம். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்புகிறோம், வண்டி இடப்பக்கம் போகிறது, இதிலென்ன கேள்வி என்றிருக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. இடப்பக்கம் திரும்புகிறவர் முதலில் கண நேரம் ஹேண்டிலை வலப்பக்கம் தள்ளுகிறார். வண்டி இடப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைத் துரத்திக்கொண்டுதான் ஹேண்டில் இடப்பக்கம் போகிறது.

இந்த அருமையான தகவலை என் ஏழு வயது மகளுக்குச் சொன்னேன்.

“இடது பக்கம் திரும்பணும்னா முதல்ல வலது பக்கம் திருப்பணும், கண்ணு.”

“வலது பக்கம் திரும்பணும்னா?”

“இடது பக்கம் திருப்பணும்.”

“நேராப் போகணும்னா?”

நல்ல கேள்வி. நேராகப் போகிற சைக்கிள் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஒவ்வொரு கணமும் அது ஏதாவது ஒரு பக்கம் விழப் பார்க்கிறது. விழுகிற பக்கமே ஹேண்டிலைத் திருப்பி, சக்கரத்தை நம் உடம்புக்கு அடியில் கொண்டுவருகிறோம். உடனே அது மறுபக்கம் விழப் பார்க்கிறது. நேர்கோடு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

“நேராப் போகணும்னா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி விழுந்துக்கிட்டே இருக்கணும்” என்றேன்.

குழந்தை வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போய், “எனக்கு சைக்கிள் வேணாம்மா. அதுல எப்பவும் விழுந்துக்கிட்டேதான் இருக்கணுமாம். அப்பா சொன்னாங்க” என்று அறிவித்துவிட்டது.

மனைவி வாசலுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அவள் சொல்ல வேண்டியவை எல்லாம் சுருங்கிச் சுருங்கி அந்தப் பார்வைக்குள் போய்விட்டன.

சைக்கிள் வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முடிந்தவரை தள்ளிப்போட்டேன். காசில்லாமல் அல்ல; அரசாங்கமே கொடுக்கிறதை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது என்பதுதான். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னால் அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மேல்நிலை வகுப்புப் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றாகிவிட்டது. என் மகள் படிப்பது உதவி பெறும் பள்ளி. இப்போது இரண்டாம் வகுப்பு. பிளஸ் ஒன்னுக்கு இன்னும் ஒன்பதே வருடம். இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னபோது வீட்டில் யாரும் தப்பு என்று சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைக்குக் கிளம்பச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கான சைக்கிளைச் சக்கரத்தின் அங்குலக் கணக்கில் சொல்வார்கள். 12, 14, 16, 20 என்று போகும். கடைக்காரர் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 16 என்றார். நான் 20 என்றேன். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு வாங்குகிற எதுவும் வாங்குகிற அன்றைக்குப் பொருந்திவிடக் கூடாது. பாவாடையில் உள்ளே இரண்டு மடிப்பு இருக்க வேண்டும். ஷூவின் நுனியில் பஞ்சு அடைக்க வேண்டும். பொருந்துகிற நாள் வரும்போது அது கிழிந்திருக்க வேண்டும். இதுதான் குடும்பப் பொருளாதாரம்.

“கால் எட்டாது சார்” என்றார் கடைக்காரர்.

“எட்டுற அளவுக்கு வளரும்” என்றேன்.

மகளுக்கு இந்த விவாதத்தில் அக்கறை இல்லை. ரோஸ் கலர், முன்னால் கூடை, ஹேண்டில் நுனியில் குஞ்சம் இந்த மூன்றும் 20-லும் இருந்தன. ஆகவே கட்சி மாறி என் பக்கம் வந்துவிட்டாள்.

மேலும், கால் எட்டாத சைக்கிளில்தான் நானே கற்றேன். எட்டாவிட்டால் என்ன? எண்பதுகளில் எங்கள் தெருவில் கால் எட்டுகிற சைக்கிள் எந்தப் பையனிடம் இருந்தது? அப்பாவிடம் அம்பத்தூரில் செய்த கறுப்பு ஹெர்குலிஸ் ஒன்று இருந்தது. அதைத் துடைக்கலாம், எண்ணெய் போடலாம், டைனமோவைச் சுற்றி விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம்; ஓட்டக் கூடாது. ஓட்ட வேண்டுமானால் வாடகைக் கடைக்குப் போக வேண்டும். மட்கார்டில் பெரிய எழுத்தில் நம்பர் எழுதியிருக்கும். மணிக்கு எட்டணா. கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று அளவுவாரியாக வைத்திருப்பார்கள். நமக்கேற்ற அரை வண்டியை நமக்கு முன்னால் ஒருத்தன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். மிச்சம் இருப்பது பெரிய வண்டி. அதில் பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து, ஒரு கையால் பாரைக் கட்டிப் பிடித்து, உடம்பை ஒரு பக்கம் தொங்கவிட்டு அடிக்கிற குரங்கு பெடலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2024-ல் அந்தப் பெயரிலேயே படம் வந்துவிட்டது. நான் சொல்ல வருவது, எங்கள் யாருக்கும் பின்னால் ஓடிவர அப்பா இல்லை. அப்பாக்கள் வீட்டில் நாற்காலியில் இருந்தார்கள். முழங்காலில் ரத்தம் வழியத் திரும்பினால், “வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார்கள். வாடகைக் கடைக்காரருக்குத் தண்டம் அழ வேண்டுமே என்ற கவலை.

அப்படி வளர்ந்த தலைமுறைதான் இன்றைக்குத் தலைக்கவசம், முழங்கை உறை, முழங்கால் உறை, கையுறை என்று ஒரு செட்டாக வாங்கிக்கொண்டு வருகிறது. அத்தனையும் மாட்டிய பிறகு மகள், வேஷம் கட்டி முடித்து மேடைக்குத் தூக்கிவிட ஆள் தேடும் கூத்துக்காரர் கணக்காகக் கையைக் காலை அகட்டிக்கொண்டு நின்றாள். முழங்கால் மடங்கவில்லை. முழங்கால் மடங்காமல் பெடல் மிதிக்க முடியாது என்பது அந்தப் பெட்டியின் மேல் எங்கும் எழுதியிருக்கவில்லை.

திருச்சியில் கே.கே. நகர்ப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் குடியிருக்கிறோம். நல்ல தெரு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய மேடு நடுவில் நீளவாக்கில் போகிறது. மூன்று நாய், ஒரு மாடு, தண்ணீர் லாரி, இஸ்திரி வண்டி, காலையில் கோலம். கோலத்தின் மேல் சக்கரம் ஏறக் கூடாது. இவ்வளவையும் விட்டுவிட்டால் சைக்கிள் கற்க ஒன்றரை அடி அகலம் கிடைக்கும்.

வில்பர் ரைட் செய்த ஆராய்ச்சியை நானும் செய்தேன். நானாகச் செய்யவில்லை, தெருவே கூடி வந்து செய்துகொடுத்தது. இஸ்திரிக்காரர், “பாப்பா, நீ மிதிச்சுக்கிட்டே இரு, மத்தது தானா வரும்” என்றார். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மிதிப்பது அப்புறம், முதலில் பார்வைதான் முக்கியம், தூரத்தில் அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றார். எங்கள் தெருவில் தூரத்தில் அசையாமல் இருந்தது விளக்குக் கம்பம் ஒன்றுதான். மகள் அதையே பார்த்தாள். அதையே போய்ச் சேர்ந்தாள். சைக்கிளில் கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும் என்பது உண்மை. அதில் ஆசிரியர் சொன்னதில் குற்றமில்லை. பால்காரர் இடுப்பை ஆட்டாதே என்றார். அடுக்குமாடி வாட்ச்மேன் இடுப்பை ஆட்டினால்தான் பேலன்ஸ் வரும் என்றார். எல்லோரும் சேர்ந்து, “பயப்படாத!” என்றார்கள். பயந்துகொண்டிருக்கிற ஆளிடம் சொல்வதற்கு இதைவிட உபயோகமில்லாத சொல்லை மனிதகுலம் இதுவரை உண்டாக்கவில்லை. மூன்றாம் வீட்டு அம்மா மட்டும் மாடியிலிருந்து அடிப்படையான கேள்வியைக் கேட்டார்: “எலுமிச்சம்பழம் நசுக்குனீங்களா?”

நசுக்கினோம். பழத்தின் மேல் ஏறி முன்சக்கரம் வழுக்கியதில் ஒரு சிராய்ப்பு.

தெருவுக்குத் தெரியாவிட்டால் விஞ்ஞானத்துக்குத் தெரிந்திருக்கும் என்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது பம்பரக் கதை. சுற்றுகிற பம்பரம் விழாது, சுற்றுகிற சக்கரமும் விழாது. 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் இதைச் சோதிப்பதற்காக, ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்வது என்று கிளம்பினார். முன்சக்கரத்தை ஒட்டி, எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டிப் பம்பரக் கணக்கைச் சைபராக்கினார். அப்படியும் வண்டியை ஓட்ட முடிந்தது. அவர் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு ஓவராயிலுக்கு விட்டிருந்தால், ஓட்ட முடியாத சைக்கிளாக மறுநாளே கையில் கொடுத்திருப்பார்கள்.

முன்சக்கரம் தரையைத் தொடுகிற இடம், ஹேண்டில் தண்டை நேராக நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. அதுதான் முக்கியம் என்று ஜோன்ஸ் முடிவுக்கு வந்தார். 2011-ல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து அதிலும் கைவைத்தார்கள். பம்பரமும் இல்லை, அந்தப் பின்தள்ளலும் இல்லை என்று ஒரு வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். மேலே ஆளே இல்லாமல் அது விழாமல் போனது. ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரையே வந்தது. ஆக, சைக்கிள் விழாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று ஒற்றை விரலை நீட்ட முடியாது.

ஆளில்லாமல் ஓடும் சைக்கிள் நெதர்லாந்தில் இருக்கிறது. என் வீட்டில் சைக்கிள் இருக்கிறது, மேலே ஆள் இருக்கிறது, கேரியரைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் இன்னோர் ஆளும் இருக்கிறது. ஓடத்தான் இல்லை.

பின்னால் பிடித்துக்கொள்ளும் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குனிந்து கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது என்பது மனித முதுகுத்தண்டு எதிர்பார்த்திராத ஒரு காரியம். குனிந்தால் ஓட முடியாது. ஓடினால் குனிய முடியாது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டையும் சேர்த்துச் செய்கிறவரை எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். அவர்களுக்கு வணக்கமும் சொல்ல வேண்டும். இந்த லட்சணத்தில் முன்னால் இருந்து விடாமல் ஒரு குரல்.

“பிடிச்சிருக்கியாப்பா?”

“பிடிச்சிருக்கேன்.”

“விட்டுட மாட்டியே?”

“மாட்டேன்.”

இந்த இடத்தில் அப்பாக்கள் பொய் சொல்வது வழக்கம். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார்கள்; பிள்ளை தானே ஓட்டிக்கொண்டு போய்விடும்; அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வார். எத்தனையோ விளம்பரங்களில் வந்துவிட்டது. நான் அந்த ரகமில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். விடவே இல்லை. கேரியரை நான் பிடித்த பிடியில் மகள் மிதித்தாலும் வண்டி நகரவில்லை. அவள் முன்னால் இழுக்க, நான் பின்னால் நேர்மையாக நிற்க, தெரு எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

டியூபில் காற்று இறங்கியிருக்கலாம் என்று ஒரு சாக்குத் தோன்றியது. உண்மையிலேயே இறங்கியிருந்தது. காற்றடிக்கக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது டன்லப்பின் கதையை மகளுக்குச் சொன்னேன். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குதித்துக் குதித்துப் போகிறதே என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவரும் ஓர் அப்பா, நானும் ஓர் அப்பா. அவர் மகனுக்காகக் காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தார். நான் மகளுக்காக ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற காற்றடிக்கும் கடையைக் கண்டுபிடித்தேன்.

அதே வேகத்தில், கற்றுக்கொள்ள வயது ஒரு தடையில்லை என்பதற்காக, டால்ஸ்டாய் 67 வயதில்தான் சைக்கிள் கற்றார் என்றும் சொன்னேன்.

மகள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டு வந்தாள். “அவருக்கு யாருப்பா பின்னாடி பிடிச்சாங்க?”

படித்ததில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு உருப்படியாகப் பட்டது. பெடலைக் கழற்றிவிட வேண்டும். சீட்டைத் தாழ்த்தி, இரண்டு காலும் தரையில் படும்படி வைத்து, காலால் உந்தி உந்திப் போகவிட்டால் பேலன்ஸ் முதலில் வந்துவிடும். மிதிப்பதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். இது புது யோசனையும் அல்ல. 1817-ல் ஜெர்மனியில் மன்ஹைம் என்ற ஊரில் கார்ல் ஃபான் ட்ரைஸ் முதன்முதலாக இரண்டு சக்கர வண்டியில் ஏறிப் போனபோது அதில் பெடலே கிடையாது. தரையை உதைத்துக்கொண்டுதான் போனார். பெடல் வந்து சேர 1860-கள் வரை ஆனது. உலகமே முதலில் அப்படித்தான் கற்றுக்கொண்டது என்றால் என் மகளும் அப்படியே கற்கட்டும். ஸ்பானரை எடுத்தேன்.

வலது பெடல் ஒரே திருப்பில் கழன்று வந்தது. எனக்கே ஆச்சரியம். வீட்டில் நான் கழற்றப் போய்க் கழன்ற முதல் பொருள் அது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதே உற்சாகத்தில் இடது பெடலுக்குப் போனேன். குழாயிலிருந்து மிக்ஸி ஜார் மூடிவரை எதைக் கழற்றவும் ஒரே திசைதான் என்று இத்தனை காலம் வாழ்ந்தவன் நான். அந்தத் திசையில் திருப்பினேன். வரவில்லை. தேங்காயெண்ணெய் விட்டேன். ஸ்பானர் மேல் ஏறி நின்றேன். அம்மிக்குழவியால் தட்டினேன். நான் பாடுபடப் பாடுபட அது இறுகிக்கொண்டே போனது.

இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் வெட்டியிருப்பார்கள். மிதிக்க மிதிக்கக் கழன்று விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. ‘கழன்று போகாத பெடல்’ என்று ரைட் சகோதரர்களும் தங்கள் கடையில் இந்த மாதிரிப் பெடலை விற்றிருக்கிறார்கள். விமானம் விட்டது போதாதென்று அவர்கள் இந்த வழியிலும் வந்து என்னைப் பழிவாங்கியிருக்க வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தபோது பெடல், கிராங்க், ஸ்பானர் மூன்றும் ஒன்றோடொன்று ஐக்கியமாகியிருந்தன. ஸ்பானரை மட்டும் பிரித்தெடுத்தேன். வலது பெடல் இல்லை, இடது பெடல் உண்டு என்ற நிலையில் வண்டி வராந்தாவில் சாத்தி வைக்கப்பட்டது.

அந்தக் கட்டத்தில்தான் ஊரிலிருந்து அத்தை வந்தார். அத்தை என்றால் மனைவியின் அம்மா. செருப்பைக் கழற்றும்போதே வராந்தாவைப் பார்த்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, புள்ளைக்கு சைக்கிள் கத்துக் குடுக்கிறீங்களாம்?”

“ஆமாங்கத்தை. கொஞ்சம் நுணுக்கமான விஷயம். இப்ப பாருங்க, இடது பக்கம் திரும்பணும்னா…”

“நீங்க உள்ள போயி காபி சாப்பிடுங்க மாப்பிள்ளை” என்றார் அத்தை, மிகுந்த மரியாதையோடு.

அத்தைக்கு ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர்ப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வந்த இயக்கம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். பாடம் சொல்லப் போகிற பெண்கள் ஊர் விட்டு ஊர் போயாக வேண்டும். பஸ்ஸுக்கும் வீட்டு ஆம்பளைகளுக்கும் காத்துக்கொண்டிருந்தால் அறிவு ஒளிர்ந்த மாதிரிதான். அந்த மாவட்டத்தில் லட்சத்துக்கு மேல் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். வயல் வேலை பார்க்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், நர்ஸுகள், டீச்சர்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டிலில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் நுழைந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். அதில் ஒரு வசதியும் இருந்தது. பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம்.

அத்தை அதில் தொண்டராக இருந்தவர். களத்துமேட்டில் நிலா வெளிச்சத்தில் கற்று, அப்புறம் ஊரில் பல பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் என் மனைவியும் ஒருத்தி. இதையெல்லாம் இத்தனை வருடமாக யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. சொன்னார்களாம். அப்போதெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தேனாம்.

காபி குடித்துவிட்டு வெளியே வந்தபோது அத்தை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை அடிவரை இறக்கியாகிவிட்டது. மகளின் கவசங்களில் தலையில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உரித்தாகிவிட்டது.

“யாரு மாப்பிள்ளை இந்த வலது பெடலைக் கழட்டுனது?”

மனைவி நிலைப்படியில் வந்து நின்றாள். நான் கொஞ்சம் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “நான்தான்…”

“நல்ல யோசனையா இருக்கே! நாங்க கத்துக்கிறப்ப இடது பெடல்ல ஏறி நின்னுக்கிட்டு வலது காலால தரையை உதைச்சுத்தான் பழகுவோம். அந்த வலது பெடல் கணுக்கால்ல வந்து குத்தும் பாருங்க, ரத்தம் வந்துரும். அதைக் கழட்டி வைக்கணும்னு எங்க ஒருத்திக்கும் தோணலையே!”

“அதுக்காகத்தான் அத்தை, இடது பெடலை மட்டும் விட்டுவச்சேன்” என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். மூலையில் கிடந்த அம்மிக்குழவியைப் பார்த்தாள். திரும்ப உள்ளே போய்விட்டாள். அவள் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

தார் ரோட்டில் யார் கற்றுக்கொடுப்பார்கள் என்று அத்தை எங்களை ஒரு காலி மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனார். செம்மண் தரை, லேசான சரிவு. எனக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்தார்: அவருடைய பையையும் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பது. பேசக் கூடாது.

மகள் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் உதைத்தாள். வண்டி நாலடி போய்ச் சாய்ந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி உதைத்தாள். மறுபடி சாய்ந்தது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார், வண்டியைத் தொடவில்லை, பயப்படாதே என்று சொல்லவில்லை, எதைப் பார்க்க வேண்டும், எதை ஆட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. மகள், “பிடிச்சிருக்கியா அம்மாச்சி?” என்றபோது, “எங்க பிடிச்சேன்? நான்பாட்டுக்கு நடந்து வாரேன்” என்று பதில் வந்தது. இப்படி வெட்டவெளிச்சமாக உண்மையைச் சொன்னால் குழந்தை பயந்துவிடாதா என்று நான் மரத்தடியில் வாயைத் திறந்தேன். அத்தை திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன். வம்சத்துக்கே உள்ள பார்வை போலிருக்கிறது.

இருட்டுவதற்குள் அவள் சரிவில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு முழு நீளத்துக்கும் போய்க்கொண்டிருந்தாள். வளைவில் திரும்பவும் திரும்பினாள். ஹேண்டிலை முதலில் எந்தப் பக்கம் தள்ளினாள் என்று கண்ணைக் குறுக்கிக்கொண்டு பார்த்தேன். வலப்பக்கம்தான்! வில்பர் சொன்னபடியே! சந்தோஷம் தாங்காமல் மகளிடம் ஓடிப்போய், “பாத்தியா, இடது பக்கம் திரும்ப நீ முதல்ல வலது பக்கம் தள்ளுன!” என்றேன். அடுத்த தடவை அவள் அதை யோசித்துக்கொண்டே வந்து விழுந்தாள். என்னை மரத்தடியிலிருந்து மைதானத்தின் கேட்டுக்கு மாற்றினார்கள்.

வலது பெடலைத் தெருமுனைக் கடைப் பையன் திரும்ப மாட்டிக்கொடுத்தான். இடது பெடல் ஏன் இப்படி அசுரத்தனமாக இறுகியிருக்கிறது என்று கேட்டான். கம்பெனி ஃபிட்டிங் அப்படி என்றேன்.

அதற்கப்புறம் மிதிக்கக் கற்பதெல்லாம் ஒரு விஷயமாகவே இல்லை. உந்திப் போகிறவள் ஒருநாள் சீட்டில் உட்கார்ந்தாள், மிதித்தாள், போனாள். நான் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கவில்லை. அத்தை அன்று சாயங்காலமே, ஆடு குட்டி போட்டிருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை மகள் எங்கள் தெருவில் அரங்கேறினாள். சாக்கடை மேட்டைத் தாண்டினாள், கோலங்களைச் சுற்றிக்கொண்டு போனாள், நாய்கள் எழுந்து வழிவிட்டன. தெருவே வாசலில் நின்றது. இஸ்திரிக்காரர், தான் சொன்னபடி மிதித்துக்கொண்டே இருந்ததால்தான் வந்தது என்றார். ஆசிரியர், பார்வை என்றார். வாட்ச்மேன் இடுப்பைச் சுட்டிக்காட்டினார். நான் அடக்கமாக, பெடல் விஷயத்தில் எடுத்த ஒரு தொழில்நுட்ப முடிவைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். மகள் தெருக்கோடியில் திரும்பி, வீட்டைத் தாண்டி, மறு கோடிவரை போய், மறுபடி திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை கடந்தபோதுதான் அவள் கத்துவது காதில் விழுந்தது.

“அப்பா! எப்படிப்பா நிறுத்துறது?”

போவதைப் பற்றித்தான் ஆளாளுக்குச் சொல்லியிருந்தோமே தவிர, நிற்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிரேக் பிடி என்று கத்தினேன். 20 அங்குல வண்டியின் பிரேக் லீவருக்கு ஏழு வயது விரல் எட்டவில்லை. மிதிக்காதே என்றார் இஸ்திரிக்காரர், தன் வாழ்நாள் கொள்கையை ஒரு நொடியில் கைவிட்டு. கீழே பார் என்றார் ஆசிரியர். நான் பின்னால் ஓடினேன். இந்த முறை குனிய வேண்டியிருக்கவில்லை, கேரியர் எட்டினால்தானே.

தெருக்கோடியில் ஒரு வீடு கட்டுகிறார்கள். வாசலில் எம்-சாண்ட் குவித்து வைத்திருக்கிறார்கள். மகள் அதைப் பார்த்தாள். கண் போகிற இடத்துக்கு வண்டி போகும் என்று முன்பே சொன்னேன். நேராக மணலில் ஏறி, பாதிச் சக்கரம் புதைந்து, சாயக்கூட இல்லாமல் நின்றது. இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, “நல்லா நிக்குதுப்பா” என்றாள்.

அத்தைக்குப் போன் போட்டேன். “பிரேக்கா? எங்க வண்டியில எதுல மாப்பிள்ளை பிரேக்கு இருந்துச்சு? காலை ஊனிக்குவோம்” என்றார். கால்தான் ஊன எட்டாது, வண்டி 20 அங்குலம், என்ற தகவலை நான் போனில் சொல்லவில்லை.

இப்போது தினமும் பள்ளிவிட்டு வந்ததும் தெருவில் நாலு சுற்று, கடைசியில் மணல். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். மணல் ரோடுவரை பரவிவிட்டது. நேற்று அந்த வீட்டுக்காரர் வந்து, தன்மையாகத்தான் பேசினார். அடுத்த மாதம் பூச்சு வேலை தொடங்குகிறதாம். மணல் தீர்ந்துவிடும். அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். 16 அங்குல வண்டிக்கு மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டுப் பார்க்கச் சொல்கிறாள் மனைவி. நான் இன்னொரு லோடு எம்-சாண்ட் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.